சுடாத கை

அன்றைக்கு அந்த டென்னிஸ் கோர்ட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: சிலம்ப வாத்தியார், என் அண்ணன், நான், ரொட்டிக்கடைக்காரர் மகன், தபால்காரர் மகன். கேட்டுக்குப் பக்கத்தில் கல்மேல் குந்தி பீடி குடித்துக்கொண்டிருந்த பங்களாக் காவல்காரரையும் சேர்த்தால் ஆறு பேர். ஆள் கணக்கை இப்படிக் கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பிற்பாடு வாத்தியாருக்கு இன்ன வியாதி என்று ஊருக்குத் தெரிந்தபோது, ரொட்டிக்கடை வீட்டிலும் தபால்காரர் வீட்டிலும் தங்கள் பிள்ளை அந்தப் பக்கமே போனதில்லை என்று சாதித்தார்கள். காவல்காரர் அந்த ஆளின் முகமே தனக்குத் தெரியாது என்றார். எங்கள் வீட்டில் மட்டும் அப்படிச் சொல்ல முடியவில்லை. அண்ணனின் வலது கை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

உங்களில் பலரும் என் வயதுக்காரர்கள். நயா பைசா வருவதற்கு முந்தின மழைக்காலம் என்றால் உங்களுக்குப் புரியும். கொடைக்கானலுக்குச் சீசனில் வந்து ஏரியைச் சுற்றிவிட்டு, பேரிக்காய் வாங்கிக்கொண்டு இறங்கியிருப்பீர்கள். சீசன் முடிந்த பிறகு பக்கத்தில் எங்கள் செண்பகனூர் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்க மாட்டீர்கள். பூட்டிய பங்களாக்களின் ஓட்டிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சொட்டும். சீகை மரப்பட்டை ஊறிய வாடை துணியிலும் தலையணையிலும் ஏறிவிடும். எதிரே வருகிறவரின் செருப்புச் சத்தம் முதலில் கேட்கும், ஆள் பிறகுதான் தெரிவார்.

அப்பா கொத்தனார். மழையில் வேலை இருக்காது. அதனால் வீட்டில் அவர் கோபம்தான் அதிகம் இருந்தது. அண்ணனுக்குப் பதின்மூன்று வயது, எனக்குப் பத்து. அண்ணனுக்குப் படிப்பு ஏறவில்லை. ஆனால் கை வேலை என்றால் கெட்டி. ஒரு முறை உடைந்த நாற்காலிக்கு அவன் கால் செதுக்கிப் போட்டதைப் பார்த்துவிட்டு, ஊரில் பெரிய தச்சுப் பட்டறை வைத்திருந்தவர், தை பிறந்ததும் பையனை அனுப்பு என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த மழைக்காலத்தை எங்கள் வீடு ஓட்டிக்கொண்டிருந்தது. பையன் சம்பாதிக்க ஆரம்பித்தால் ஓடு மாற்றலாம், அம்மாவுக்குக் கம்பளி வாங்கலாம், கடைப் பாக்கியை அடைக்கலாம் என்று எல்லாப் பேச்சும் அண்ணனின் கையில்தான் வந்து நிற்கும். எனக்கு அப்போதே பயம். மரம் வெட்டப் போகாதே, கிணற்றுக் கயிற்றைப் பிடிக்காதே என்று அவன் பின்னாலேயே சொல்லிக்கொண்டு திரிவேன். அவன் சிரிப்பான்.

அண்ணனுக்கு ஒரே ஆசை சிலம்பம். பட்டறையில் சேர்ந்துவிட்டால் நேரம் கிடைக்காது, அதற்குள் முழுவதையும் கற்றுவிட வேண்டும் என்பான்.

வாத்தியார் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வெந்நீர்க்காரராக இருந்தார். இப்போது குழாயைத் திருகினால் வெந்நீர் வருகிறது. அப்போது கொல்லைப்புறத்தில் மண்ணெண்ணெய்த் தகர டின்களில் தண்ணீர் காய்ச்சி, ரூம் ரூமாகத் தூக்கிக்கொண்டு போய் ஊற்ற ஒரு ஆள் வேண்டும். டின்னின் வாயில் குறுக்கே ஒரு கம்பி, கம்பியில் பிடிப்பதற்கு ஒரு மரக்கட்டை கோத்திருக்கும். வெள்ளனே எழுந்து அந்தச் சோலியை முடித்துவிட்டு, சாயங்காலம் நாலு மணிக்கு எங்களுக்குக் கம்பு சொல்லிக்கொடுக்க வருவார். வெள்ளைக்காரர் ஒருவர் விற்றுவிட்டுப் போன பங்களாவின் டென்னிஸ் கோர்ட்டுதான் எங்கள் களம். புல் மண்டிவிட்டது, ஆனால் வெள்ளைக் கோடு இன்னும் அழியவில்லை. அந்தக் கோட்டின் மேல்தான் காலடி பழகினோம். ஆளுக்கு மாதம் நாலணா.

அவர் சொல்லிக்கொடுக்கும் விதம் வாயால் இல்லை, கையால். பிடி தப்பினால் பின்னாலிருந்து வந்து எங்கள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பில் வைப்பார். வெந்நீர் ஆவியில் ஊறி வெளுத்த, சொரசொரப்பான உள்ளங்கை. விறகுப் புகை வாடை. பாடம் முடிந்ததும் கம்பை இரண்டு கையாலும் அவர் கையில் கொடுக்க வேண்டும். அவர் வாங்கி, துடைத்து, கட்டாகக் கட்டித் தன்னோடு எடுத்துப் போய்விடுவார். வாத்தியார் இல்லாமல் கம்பு தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

அந்த வருஷம் ஆடியிலிருந்தே அதில் ஒரு மாறுதல் வந்தது. விரலைத் தொட்டுத் திருத்துவதை விட்டுவிட்டார். தன் கம்பு நுனியால் எங்கள் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். கம்பைக் கையில் வாங்கவில்லை. கீழே வைத்துவிட்டு விலகி நில்லுங்கள் என்றார். நாங்கள் விலகிய பிறகு அவரே வந்து எடுத்தார். எங்களுக்கு ஒரே பெருமை. சின்னப் பையன்களைத்தான் தொட்டுத் திருத்துவார்கள், நாம் பெரிய பாடத்துக்கு வந்துவிட்டோம் என்று அண்ணன் எங்களுக்கு விளக்கம் சொன்னான். அவர் ஒவ்வொரு அடி விலகியதையும் நாங்கள் ஒவ்வொரு வகுப்பு ஏறியதாகக் கணக்கு வைத்துக்கொண்டோம்.

புரட்டாசி பிறந்த அன்றைக்குத்தான், முதலில் சொன்ன அந்த ஆறு பேர் இருக்கையில், அவர் அதைச் சொன்னார்.

"இனிமே ஞாயித்துக்கெழம மட்டுந்தான் வருவேன். மத்த நாளு வராதீக. கூலியும் அதுக்குத் தக்கனதான். ஆளுக்கு ரெண்டணா போதும்னு வீட்ல சொல்லிருங்க."

ஏன் என்று அண்ணன் கேட்டான். சோலி இருக்கு என்றார். மழைக்குத் தலையில் போட்டிருந்த சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

பெரியவர்களுக்கு அது பிடிபடவில்லை. சீசனில் வேலை மிஞ்சி வகுப்பைக் குறைத்தால் நியாயம், வெந்நீர் கேட்க ஆளே இல்லாத மழைக்காலத்தில் இவருக்கு அப்படி என்ன சோலி என்று அப்பா கேட்டார். ரொட்டிக்கடைக்காரர் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்: தாண்டிக்குடிப் பக்கம் காப்பி எஸ்டேட்டில் அதிகக் காசு கொடுத்து வரச்சொல்லியிருக்கிறார்கள், ஜீப் அனுப்புகிறார்கள், நான் பார்த்தேன் என்றார். ஜீப்பை அவர் பார்த்திருக்கலாம். அதில் வாத்தியார் இருந்ததை யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் மூன்று தகப்பன்மாரும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அவர் ஒழுங்காக வரும்வரை ரெண்டணாவும் கிடையாது. வாத்தியார் கேட்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து, கோர்ட்டின் அந்தக் கோடியில் நின்று, இந்தக் கோடியில் நிற்கும் எங்களுக்குக் கத்திச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

மீதி ஆறு நாளை நாங்கள் எப்படியோ சமாளித்தோம். தினமும் நாலு மணிக்குக் கோர்ட்டுக்குப் போய்விடுவோம். கம்பு இல்லை என்பதால் சீகைக் கழிகளை வெட்டிக்கொண்டோம். அண்ணன்தான் வாத்தியார். போன ஞாயிற்றுக்கிழமை சொன்னதைத் திங்களன்று நன்றாகச் செய்வோம், செவ்வாயன்று சண்டை வரும், வியாழனுக்குள் ஆளுக்கொரு காலடி வைப்போம். ரொட்டிக்கடைக்காரர் மகன் மறந்த இடத்தில் எல்லாம் ஒரு குதி குதித்து, இதுவும் உண்டு என்று சொல்லிவிடுவான். மறந்துபோய்விடுமே என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்காது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கடியில் கட்டைவிரலால் காலடி போட்டுக்கொண்டிருப்பேன். அண்ணனின் கவலை வேறு. தை வந்துகொண்டிருந்தது.

கார்த்திகைக் கடைசியில் ஒருநாள், மறுபடி தினமும் வரச்சொல்லி அவரையே கேட்டுவிடுவது என்று நாலு பேரும் கெஸ்ட் ஹவுஸ் கொல்லைக்குப் போனோம். வேலி ஓரமாக நின்றோம். அவர் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தார். டின் கொதித்துக்கொண்டிருந்தது. அதன் கம்பியில் இருந்த மரக்கட்டை எப்போதோ கருகி உதிர்ந்துவிட்டது. வெறும் கம்பி. எங்களைப் பார்த்ததும் எழுந்து, கிட்டே வராதீங்க என்று இடது கையைக் காட்டிவிட்டு, பேசிக்கொண்டே வலது கையால் அந்தக் கம்பியைப் பிடித்து டின்னைத் தூக்கிக் கீழே வைத்தார். அவசரமே இல்லை. முகம் மாறவில்லை. ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம், வெரசா வீட்டுக்குப் போங்க, மழ வருது என்றார்.

திரும்பி வரும்போது அண்ணனுக்குக் கால் தரையில் படவில்லை.

"பாத்தியாலே? வெறுங்கையில தூக்குறாரு."

"எங்கப்பாகூட அடுப்புத் தட்ட வெறுங்கையிலதான் தொடுறாரு. அதுக்காக அவரு வாத்தியாரா?" என்றான் ரொட்டிக்கடைக்காரர் மகன்.

"ஒங்கப்பா தொட்டுட்டுக் காத எதுக்குலே புடிக்கிறாரு? இவரு புடிச்சாரா?"

சூடு பட்டால் கை தானாகக் காது மடலுக்குப் போகும். வாத்தியாரின் கை போகவில்லை. அதுதான் அந்த வித்தையின் கடைசிப் பாடம் என்று அண்ணன் தீர்மானித்தான். அதைக் கற்கும்வரை நம்மைக் காக்கவைக்கிறார். இதைச் செய்து காட்டினால் மறுபடி தினமும் வருவார். இவ்வளவு தெளிவாக அவன் எதையும் பேசிக் கேட்டதில்லை.

பங்களாவின் பின்பக்கம் பழைய மண்ணெண்ணெய் டின் ஒன்று கிடந்தது. அதன் வாயில் ஒரு வெறும் கம்பியைக் கட்டினோம். காவல்காரர் குளிர்காய மூட்டும் தீயில், அவர் ஊருக்குள் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத் தண்ணீர் காய வைத்தோம். முதலில் வெதுவெதுப்பில் கை வைத்துப் பழக வேண்டும். முகம் மாறினால் மறுபடி முதலிலிருந்து. தபால்காரர் மகன் அழுதுவிட்டான். ரொட்டிக்கடைக்காரர் மகன் தொடுவதற்கு முன்பே காதைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அண்ணன் மட்டும் நாளுக்கு நாள் சூட்டைக் கூட்டிக்கொண்டு போனான். ஐயோ வேண்டாம், அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்று நான் சொன்னேன். சொன்னால் தொலைத்துவிடுவேன் என்றான். மார்கழி முதல் வாரம், புல்லில் உறைபனி விழுந்த ஒரு நாள், டின் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தபோது கம்பியைப் பிடித்துத் தூக்கினான்.

தூக்கியதோடு கீழே வைத்திருக்கலாம். கோர்ட்டின் வெள்ளைக் கோட்டில் ஆரம்பித்து, மறு கோடுவரை நடந்தான். சிலம்பத்துக் காலடியாகவே, முன்னங்கால், பின்னங்கால் என்று வைத்து நடந்தான். தண்ணீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. முகம் கல்லாக இருந்தது. முடி பொசுங்கின மாதிரி ஒரு வாடை வந்ததும் தபால்காரர் மகன் ஓடிவிட்டான். கோட்டைத் தொட்டு டின்னை வைத்தான். விரலைத் திறக்கப் பார்த்தான். கம்பி கூடவே வந்தது.

வீட்டில் விளக்குக் கண்ணாடியைப் பிடித்துவிட்டான் என்று சொன்னோம். அம்மா முட்டை வெள்ளையைத் தடவி, உள்ளங்கையில் துணிப் பந்தை வைத்து, விரல்களை மடக்கி, காற்றுப்படாமல் இறுக்கிக் கட்டினாள். அப்படித்தான் அவளுக்குத் தெரியும். சீழ் வைத்தது. காய்ச்சல் வந்தது. கம்பவுண்டர் வந்து மருந்து போட்டுவிட்டு, அதே மாதிரி மடக்கிக் கட்டிவிட்டுப் போனார். அந்த நாட்களில் அப்பா, தை பிறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று மட்டும் அம்மாவிடம் அடிக்கடி கேட்டார்.

தபால்காரர் மகன்தான் பயந்து போய் வீட்டில் உளறினான். கேள்விப்பட்ட நிமிஷம் அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கெஸ்ட் ஹவுஸ் கொல்லைக்குப் போனார். பகல் பதினொரு மணி இருக்கும். வாத்தியார் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். சமையல்கட்டு வாசலில் மேனேஜர் நின்று பால்காரரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"எம்மகனுக்கு என்னத்தய்யா சொல்லிக் குடுத்த? கைய வேக வச்சுட்டு வந்து கெடக்கான்."

"எந்தக் கைங்க?"

"சோத்துக் கை. தை பொறந்தா உளி புடிக்கிற கை."

வாத்தியார் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். என்ன நடந்தது என்று என்னிடம் கேட்டார். டின், கம்பி, கோடு எல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இரண்டு கைகளையும் தன் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டார். பிறகு சமையல்கட்டு வாசலை ஒருமுறை பார்த்தார். மேனேஜர் அங்கேதான் நிற்கிறார் என்பது அவருக்குத் தெரியும். குரலைத் தாழ்த்தியிருக்கலாம். தாழ்த்தவில்லை.

"நான் அதச் சொல்லிக் குடுக்கலங்க. எனக்குச் சுடாதுங்க. ரெண்டு வருசமா இந்தக் கையில சூடு தெரியாது, குளிரு தெரியாது. அது வித்தை இல்லங்க. பெருவியாதி. ஆடியிலதான் இன்னதுன்னு தெரிஞ்சுது. அதான் புள்ளைகளத் தொடாம, வர்றதையும் கொறச்சுக்கிட்டேன்."

அப்பா என்னைப் பின்னால் இழுத்தார். வாத்தியார் எங்கள் பக்கம் ஓரடிகூட வைக்கவில்லை. நின்ற இடத்திலிருந்தே சொன்னார்:

"மத்த பயலுக வீட்லயும் சொல்லிருங்க. இன்னைக்கே சொல்லிருங்க. இல்லாட்டி அவனுகளும் தூக்கிருவானுக."

பால்காரர் பால் செம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். சாயங்காலத்துக்குள் வெந்நீர் டின்களையெல்லாம் பள்ளத்தில் உருட்டிவிட்டார்கள். அவை உருண்ட சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது.

மறுநாள் காலையில் வாத்தியார் மேல் ரோட்டு வழியாக வந்தார். தலையில் ஒரு மூட்டை. மலை இறங்குகிற பாதை அது. எங்கள் வீட்டுக்குக் கிட்டே வரவில்லை. குழாயடி வளைவில் நின்று குரல் கொடுத்தார்.

"பெரியவன் வெரல மடக்கிக் கட்டாதீங்க. விரிச்சு வச்சுக் கட்டுங்க. மடக்கிக் கட்டுனா அப்படியே நின்னுரும்."

அம்மா வாசலுக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ரூபாய் எடுத்தாள். அது அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. படியில் இறங்கினவளை அப்பா தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். ஜன்னல் இடுக்கில் பார்த்தேன். வாத்தியார் மூட்டையைச் சரிசெய்துகொண்டு பனிக்குள் போய்விட்டார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனார், போய்ச் சேர்ந்தாரா என்று எவருக்கும் தெரியாது. அந்த வருஷங்களிலேயே தொழுநோய்க்கு மாத்திரை வந்துவிட்டது என்று பிற்காலத்தில் ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டேன். தொட்டால் உடனே ஒட்டிக்கொள்கிற வியாதியும் இல்லையாம்.

விரலை விரித்துக் கட்டச் சொன்னது அவர் வாயிலிருந்து வந்ததால் எங்கள் வீட்டில் யாரும் அதைச் செய்யவில்லை. அந்த ஆள் சொன்ன எதையும் செய்யக் கூடாது என்றார் அப்பா. கட்டு அவிழ்த்தபோது அண்ணனின் நாலு விரலும் உள்ளங்கையோடு ஒட்டியிருந்தன. அப்படி மடங்கிய கையைப் பார்த்தவர்களுக்கு அது தீக்காயமாகத் தெரியவில்லை. வாத்தியாரிடமிருந்து தொற்றிக்கொண்டது என்றார்கள். பட்டறைக்காரர் பையனை அனுப்ப வேண்டாம் என்று ஆள் விட்டுச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் என் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. கொஞ்ச நாள் வீட்டில் இரு என்றார் டீச்சர். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. என் படிப்பு அவ்வளவுதான். கீழே வத்தலக்குண்டில், எங்களை யாரும் அறியாத ஒரு கடையில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

அண்ணன் பேத்துப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் காவலுக்கு இருந்தான். இடது கையில் கம்பு. அவனுக்குப் பெண் கொடுக்க யாரும் வரவில்லை. ஒருமுறை போயிருந்தபோது, காட்டுப்பன்றி விரட்டின கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தவன், திடீரென்று, "வாத்தியாரு காசு குடுத்தாச்சாடா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். எனக்குத் தெரியும். அவன் போய்ப் பல வருஷமாகிறது.

எனக்கு இன்றைக்கும் காலையில் காப்பி டம்ளரை விரலால் தொட்டுப் பார்க்கிற பழக்கம் விடவில்லை. பத்து விரலும் தொட்டுப் பார்ப்பேன். சுட்டால்தான் குடிக்க மனம் வரும். மருமகள் சிரிக்கிறாள்.

அம்மாவின் கையிலிருந்த அந்த ரூபாயை அப்பா வாங்கி, அன்றைக்கே கடைக்குப் போய்க் கார்பாலிக் சோப்பு வாங்கிவந்தார். எங்கள் இருவரையும் கொல்லையில் நிறுத்தி, தோல் சிவக்கச் சிவக்கத் தேய்த்தார். அண்ணனின் கட்டுப்போட்ட கையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். குளிரில் நின்றபடி மனதுக்குள் நான் கணக்குப் போட்டேன். புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. இரண்டு பேர். ஆளுக்கு ரெண்டணா. பதினாறணா. வாத்தியாருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, ஒரு ரூபாய்.